வேகமறிந்து விரியும் குடை

ஆகாய விமானத்தின் வாயிலிலிருந்து ஒருவர் வெட்டவெளியில் குதிப்பதைச் செய்திப் படத்திலோ திரைப்படத்திலோ பார்த்தவர்கள், அவருடைய வான்குடை விரியாமற்போனால் என்ன ஆகும் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருப்பார்கள். முதுகுப் பையில் இன்னொரு குடையும் இருக்கிறது என்பதே அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை. கேட்டவர் அப்போதைக்குச் சமாதானம் அடைந்தாலும், சற்று நிதானமாக யோசித்தால், முன்னதைவிடக் கடினமான வேறொரு கேள்வி அந்த விடைக்குள்ளேயே ஒளிந்திருப்பது புலப்படும். அந்த இரண்டாவது குடையும் நைலான் துணியும் கயிறும்தாம். அதை விரிப்பதற்கும் காற்றைத் தவிர வேறு சக்தி கிடையாது. முதற்குடையைக் கைவிட்ட அதே காற்று இரண்டாவதை மட்டும் கைவிடாது என்பதற்கு என்ன உறுதி?

உறுதி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அதிகப் பலமான துணியினாலோ தடித்த கயிற்றினாலோ கிடைத்ததன்று. இன்ன வேகத்தில் இன்னவாறு விரிய வேண்டும் என்று நிர்ணயிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் காற்றினிடமே ஒப்படைத்து, காற்று எந்த நிலையிலிருந்தாலும் சரியான முடிவுக்கே வரும்படி துணியையும் கயிற்றையும் அமைத்த யுக்தியினால் கிடைத்தது அது. அந்த யுக்தியை, படிப்படியாக, இந்த அத்தியாயத்தில் பார்ப்போம். ரிசர்வ் பாராசூட் என்று வழங்கும் இரண்டாவது குடையைக் காப்புக் குடை என்றே இனி அழைக்கலாம்.

மெதுவான ஆபத்தும் விரைவான ஆபத்தும்

ஆதியில் பலூனிலிருந்து குதித்தவர்களின் குடை, பலூனோடு ஒரு கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தது. ஆள் விழுந்தவுடனே அக்கயிறு குடையை உருவி எடுத்துவிடும். ஆதலால் குடை விரியும் வேகம் என்பது ஏறத்தாழ மாறாத ஒன்றாகவே இருந்தது. 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை அடுத்த மக்குக் விமானத் தளத்தில், லெஸ்லி இர்வின் என்பவர் விமானத்தோடு யாதொரு பிணைப்புமின்றிக் குதித்து, விழுந்துகொண்டிருக்கும்போதே தம் கையால் இழுகயிற்றை இழுத்துக் குடையை விரித்தார். பிணைப்பின்றி விழும் மனிதன் நினைவிழந்துவிடுவான் என்று பலர் நம்பியிருந்த காலம் அது. இறங்குகையில் இர்வினுக்குக் கணுக்கால் முறிந்தது, நினைவு தப்பவில்லை. குடையை எப்போது விரிப்பது என்பது அன்று முதல் மனிதன் கையில் வந்தது. அதனோடு எத்தனை வேகத்தில் விரிப்பது என்ற பிரச்சினையும் வந்தது.

கைகால்களைப் பரப்பி வயிறு பூமியை நோக்க விழும் ஒருவருடைய வேகம் முதற் பத்துப் பன்னிரண்டு விநாடிகள் ஏறிக்கொண்டே போய், காற்றின் தடை உடலின் எடைக்குச் சமமானதும், அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும். இதை முற்றுவேகம் என்பர். அது மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர்; தலைகீழாக விழுபவருக்கு 250ஐயும் தாண்டும். முதற்குடை பையை விட்டே வெளிவராமற்போனால், காப்புக் குடை விரிய வேண்டிய வேகம் இதுதான். இது விரைவான ஆபத்து.

மற்றது மெதுவான ஆபத்து. முதற்குடை விரிந்திருக்கும், ஆனால் ஒருபக்கம் கயிறு சிக்கியோ, துணி மடிந்தோ, கிழிந்தோ, இறங்குவதற்கு உதவாத நிலையில் இருக்கும். அதற்குள்ளே இரண்டாவது குடையை விரித்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும் என்பதால், முதலாவதைத் தோள்களிலிருந்து கழற்றி விடுவதே முறை. பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களில் அமைத்த மூன்று வளையப் பூட்டு, ஒரே கைப்பிடியின் இழுப்பில் இரு தோள்களிலும் குடையை விடுவித்துவிடுகிறது. அப்படி விடுபட்ட கணத்தில் ஆளுடைய வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர்தான் இருக்கலாம். அதனினும் குறைவாகவும் இருக்கலாம். காற்றோ மிக மெலிந்திருக்கும். தரையோ, பெரும்பாலும், மிக அருகில் இருக்கும்.

முதற்குடையைத் தமக்கு வசதியான உயரத்தில், வசதியான வேகத்தில் குதிப்பவர் விரிக்கிறார். காப்புக் குடையை அழைப்பது விபத்து. எந்த வேகத்தில் அழைக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பதினைந்து மீட்டர்க் கணக்கு

இந்த இரண்டு ஆபத்துகளும் ஒரே குடையினிடம் எவ்வளவு முரண்பட்ட குணங்களை வேண்டுகின்றன என்பதை ஓர் எளிய கணக்கினால் பார்த்துவிடலாம். காற்றைப் பற்றி இரண்டு உண்மைகளை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

முதலாவது, காற்றின் மோதல் வேகத்தோடு ஒப்பாக ஏறுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதல் நான்கு மடங்காகும், ஐந்து மடங்கானால் இருபத்தைந்து மடங்காகும். இரண்டாவது, குடை நிறைவது காலத்தைப் பொறுத்ததன்று, தூரத்தைப் பொறுத்தது. ஓடும் வாய்க்காலில் எதிர்முகமாக வாய் திறந்து பிடித்த சாக்கு, நீர் விரைவாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் அதே அளவு நீர் புகுந்தால்தான் நிறையும். விரைவாக ஓடினால் சீக்கிரம் நிறையும் என்பதே வித்தியாசம். குடையும் அவ்வாறே, தன் அளவுக்கு ஏற்ற ஒரு நீளமுள்ள காற்றுத் தூணை விழுங்கினால்தான் நிறைகிறது. வேகம் கூடினால் நிறையும் காலம் சுருங்கும்.

எல்லாச் சாமான்களும் சேர்த்து நூறு கிலோ எடையுள்ள ஒருவர், கட்டுப்பாடு எதுவுமற்ற ஒரு குடையோடு, விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் விழுவதாகக் கொள்வோம். அந்தக் குடை நிறைவதற்குப் பதினைந்து மீட்டர்க் காற்றுத் தூண் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தப் பதினைந்து மீட்டருக்குள் 50 என்ற வேகம் 5ஆகக் குறைய வேண்டும். அதற்கு ஆகும் நேரம் அரை விநாடிக்குச் சற்று மேல். தடுக்கும் விசை முழுத் தூரத்திலும் சமமாகப் பரவியிருந்தாலுங்கூட, அவருடைய எடையைப்போல் ஒன்பது மடங்குக்கும் அதிகமான இழுப்பு, அதாவது 900 கிலோவுக்கு மேற்பட்ட சுமை, வார்களின் வழியே அவர் தோள்களிலும் தொடைகளிலும் இறங்கும். உண்மையில் விசை சமமாகப் பரவுவதில்லை. உச்சத்தில் அதைவிட மிக அதிகமாகவே பாயும். துணி கிழியலாம், கயிறு அறலாம், இரண்டும் தாங்கினாலும் மனித உடல் தாங்காமற்போகலாம்.

அதே வேகக் குறைப்பை அறுபது மீட்டர்த் தூரத்துக்கு நீட்டினால் என்ன ஆகிறது? நேரம் இரண்டு விநாடிக்குச் சற்று மேல் ஆகிறது; இழுப்போ எடையைப்போல் மூன்று மடங்காகத் தணிந்துவிடுகிறது. எந்த உடலும் அதைத் தாங்கும். ஆகையால் குடையை மெதுவாக விரியச் செய்துவிட்டால் போதுமே என்று தோன்றும்.

இப்போது அதே மனிதரை மெதுவான ஆபத்தில் வைத்துப் பார்ப்போம். முதற்குடையைக் கழற்றியவுடன் அவர் வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர். பூமியின் ஈர்ப்பு அதை ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ இன்னொரு பத்து மீட்டர் கூட்டுகிறது. பதினைந்து மீட்டர்த் தூணை விழுங்க அவருடைய குடைக்கு ஒரு விநாடி ஆகும். இழுப்போ அற்பம். ஆனால் விரைவான ஆபத்துக்காக நாம் வகுத்த அறுபது மீட்டர்த் தாமதத்தை இங்கேயும் விதித்தால், இரண்டரை விநாடிக்கு மேல் ஆவதோடு, அறுபது மீட்டர் உயரமும் வீணே கழிந்துவிடும். தரைக்கு நூறு மீட்டர் மேலே இருப்பவருக்கு அறுபது மீட்டர் என்பது உயிரின் விலை.

ஆக, வேகமாக விழுகிறவருக்கு அறுபது மீட்டரும் மெதுவாக விழுகிறவருக்குப் பதினைந்து மீட்டரும் எடுத்துக்கொள்ளும் ஒரே குடை வேண்டும். இத்தொகைகள் உதாரணத்துக்காக நாம் கொண்டவை; குடைக்குக் குடை மாறும். முரண்பாடு மாறுவதில்லை.

முதுகுக்குப் பின்னே உள்ள காற்று

குடை நிறைவதற்கு முன்னால் அது பையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். அங்கேயே முதல் இடர் தொடங்குகிறது. கவிழ்ந்து விழும் மனிதனுடைய முதுகுப்புறத்தில், அவனுடைய உடலே மறைப்பாக நிற்பதனால், காற்று சீராக ஓடாமல் சுழன்று கலங்கிக்கொண்டிருக்கும். இலேசான பொருள் எதையேனும் அங்கே விட்டால் அது மேலே பறந்து போகாமல் முதுகிலேயே புரண்டு கிடக்கக்கூடும். முதற்குடையை இழுத்தெடுக்கும் சிறு குடையைக் குதிப்பவர் தம் கையாலேயே பக்கவாட்டில் நல்ல காற்றுக்குள் எறிந்துவிடுகிறார். காப்புக் குடை அப்படி ஒரு கையின் சாமர்த்தியத்தை நம்பியிருக்க முடியாது. ஆகவே அதன் முன்னோடிக் குடைக்குள், பைலட் சூட் என்று சொல்லப்படும் அச்சிறு குடைக்குள், ஒரு பெரிய சுருள்வில்லை அழுத்தி மடித்துவைத்திருக்கிறார்கள். பையின் ஊசி உருவப்பட்டதும் வில் துள்ளி, முன்னோடியைக் கலங்கிய காற்றுக்கு அப்பால் எறிகிறது. காற்று எவ்வளவு மெலிந்திருந்தாலும் வில்லின் பலம் குறையாது என்பதனால், விரிதலின் முதற் கணம் மட்டும் வேகத்தைச் சாராமல் நடைபெறுகிறது.

உடல் சுழன்றுகொண்டிருந்தால் நிலைமை இன்னும் கடினமாகிறது. 1959ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, நியூ மெக்ஸிகோவின் மேலே சுமார் 76,000 அடி உயரத்தில் பலூனிலிருந்து குதித்த அமெரிக்க விமானப்படைக் காப்டன் ஜோசப் கிட்டிங்கர் அதை அனுபவித்தார். உடலை நிலைநிறுத்துவதற்கென அமைத்த சிறு குடை உரிய காலத்துக்கு முன்னே வெளிப்பட்டு, அதன் கயிறு அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கடுமையாகச் சுழன்று நினைவிழந்த அவரைத் தானியங்கிக் கருவியால் திறக்கப்பட்ட காப்புக் குடையே காப்பாற்றியது. விழும் உடல் எப்போதும் ஒழுங்காக வயிறு கீழே இருக்கக் கிடக்கும் என்று நம்பி எதையும் அமைக்கக்கூடாது என்பதற்கு அந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இன்றைய காப்புக் குடைகளில் இதற்குச் செய்திருக்கும் பரிகாரம் மிக அழகானது. குடைத் துணி ஒரு சிறு பைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அப்பையையும் முன்னோடியையும் இணைப்பது நீண்ட, அகன்ற ஓர் இழுநாடா. முதற்குடையின் பை குடையோடு பிணைந்தே இருக்கும். காப்புக் குடையின் பையோ எதனோடும் பிணைக்கப்படாதது; குடை வெளிவந்ததும் அது நழுவித் தனியே பறந்துவிடும். விடுபை என்று இதைச் சொல்லலாம். குதிப்பவர்கள் ஃப்ரீ பேக் என்பார்கள். முன்னோடிக் குடை காலிலோ கையிலோ சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏறத்தாழ நான்கு மீட்டர் நீளமும் ஐந்து சென்டிமீட்டர் அகலமும் உள்ள இழுநாடா காற்றில் வளைந்து நின்று, தானே ஒரு தடையாகி, விடுபையை இழுத்து எடுத்துவிடும். குடையோடு பை பிணைந்திருக்கவில்லையாதலால், சிக்கலுக்கு அப்பாலுள்ள குடை தடையின்றி வெளிவரும். நாடாவின் அகலம் பலத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. காற்றைப் பிடிப்பதற்காகவும் ஏற்பட்டது.

கயிறு முன்னே, துணி பின்னே

குடை வெளிவருவதில் ஓர் ஒழுங்கு உண்டு: தொங்கு கயிறுகள் முழுவதும் நீண்டு விறைத்த பிறகே துணி காற்றைக் காண வேண்டும். துணி முந்திக்கொண்டால், இலேசான அது காற்றில் அங்கேயே நின்றுவிடும். கனத்த மனிதரோ தம் வேகத்தில் கீழே போய்க்கொண்டே இருப்பார். கயிறு விறைக்கும் கணத்தில் இரண்டுக்கும் இடையே வெடுக்கென்று ஒரு பறிப்பு ஏற்படும். முற்றுவேகத்தில் அப்பறிப்பு பொல்லாதது.

ஆகையால் விடுபையின் வாய் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் மெலிந்த காற்றிலும் திறக்கும் அளவுக்கு இலேசாகப் பூட்டியிருக்க வேண்டும். இங்கே பயன்படுத்தும் பூட்டு, தொங்கு கயிறே. கயிற்றின் இரண்டு சிறு மடிப்புகளை ஒரு மீள்நாடாவின் இரு முனைகளிலும் செருகிப் பையின் வாயை மூடுகிறார்கள். எஞ்சிய கயிறு முழுவதும் பையோரத்தில் உள்ள ஓர் உறைக்குள் தளர்வாகச் சுருட்டி வைக்கப்படுகிறது. பை மேலே போகப் போக உறையிலிருந்து கயிறு ஏறத்தாழ எதிர்ப்பில்லாமல் உருவிக்கொண்டு வரும். கடைசியில் இந்த இரண்டு மடிப்புகளும் உருவப்பட்டால்தான் வாய் திறக்கும். மீள்நாடா ஒரே துண்டாக ஒரு குழலின் வழியே ஓடுவதனால், ஒரு பக்கத்து மடிப்பு சிக்கிக்கொண்டாலுங்கூட, மறுபக்கம் விடுபட்டதும் நாடா வழுக்கி அதையும் விடுவித்துவிடும். வேகமான காற்றில் காலத்துக்கு முன் திறக்காது. மெலிந்த காற்றில் திறக்க மறுக்காது. விலை அற்பமான ஒரு ரப்பர் நாடாவில் இவ்வளவு சிந்தனை அடங்கியிருக்கிறது.

சறுக்குத் துணி

இனி நம் கணக்கின் மையத்துக்கு வருவோம். இன்றைய குடைகளிற் பெரும்பாலானவை பழைய வட்டக் குடைகள் அல்ல. டோமினா ஜால்பர்ட் என்பவர் வகுத்து 1966இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, அறைகளாகப் பகுத்துத் தைத்த நீள்சதுர இறக்கை வடிவக் குடைகள் அவை. முன்வாயில் காற்றுப் புகுந்து அறைகளை நிரப்பியதும் துணி விமான இறக்கையைப்போல் வடிவங்கொண்டு மிதக்கும். அவற்றால் குதிப்பவர் விரும்பிய இடத்தில் மெல்ல இறங்க முடிந்தது. ஆனால் ஆரம்ப காலத்தில் அவை விரிந்த கடுமையைத் தாங்குவது எளிதாக இல்லை. முற்றுவேகத்தில் விரிந்தால் நம் பதினைந்து மீட்டர்க் கணக்கின் துன்பம் முழுவதும் உடலில் இறங்கும். கயிறுகளையும் வளையங்களையும் கொண்டு குடையின் வாயைக் கட்டுப்படுத்தும் முயற்சிகள் பல நடந்தன. 1970களின் தொடக்கத்தில் அவற்றுக்கெல்லாம் முடிவு கட்டியது ஒரு சிறு துணித் துண்டு.

நீள்சதுரமான அத்துணியின் நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் உலோக வளையம். குடையின் கயிறுகள் நான்கு கற்றைகளாகப் பிரிந்து அந்நான்கு வளையங்களின் வழியே கீழே வருகின்றன. கயிற்றின்மேல் ஏறி இறங்கக்கூடிய இதனை ஸ்லைடர் என்பார்கள். சறுக்குத் துணி என்று நாம் கூறலாம். மடிக்கும்போது அதைக் குடையின் அடிவயிறு வரை மேலே தள்ளிவைக்கிறார்கள். ஆகவே விரியத் தொடங்கும்போது கயிறுகள் எல்லாம் உச்சியில் நெருங்கிக் கிடக்கும். துணி அகல விரிய இயலாது.

இப்போது சறுக்குத் துணியின்மேல் இரண்டு விசைகள் மல்லுக்கு நிற்கின்றன. கீழிருந்து வரும் காற்று அதை மேலே தாங்கிப் பிடிக்கிறது. மேலே நிறைந்து வரும் குடையின் அறைகளோ, பக்கவாட்டில் அகலப் பார்த்து, கயிறுகளை விலக்கி, வளையங்களைக் கீழே தள்ளப் பார்க்கின்றன. ஆள் முற்றுவேகத்தில் விழும்போது, சறுக்குத் துணியை மோதும் காற்று கடுமையாக இருக்கும். அது மேலேயே நின்றுவிடும். அரைகுறையாக நிறைந்த குடை அந்த நிலையிலேயே ஓரளவு தடைசெய்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும். வேகம் குறையக் குறையச் சறுக்குத் துணியைத் தாங்கும் காற்று இளைக்கிறது. அதே நேரத்தில் அறைகள் மேலும் மேலும் நிறைந்து பருக்கின்றன. ஒரு கட்டத்தில் பின்னது வெல்ல, துணி கயிற்றின் வழியே சறுக்கிக் கீழே வந்துவிடுகிறது. குடை முழு அகலமும் விரிகிறது. அறுபது மீட்டர்ப் பயணம் இப்படித்தான் கிடைக்கிறது.

மெதுவான ஆபத்திலோ, தொடக்கத்திலேயே காற்றின் மோதல் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். சறுக்குத் துணியை மேலே பிடித்துவைக்கும் பலம் அதற்கு இல்லை. குறைக்க வேண்டிய வேகமும் அதிகமாக இல்லை. அறைகள் ஓரளவு நிறைந்தவுடனே துணி இறங்கிவிடுகிறது. வேகத்தை அளக்கும் கருவி எதுவும் இங்கே இல்லை. வேகமே தன்னை அளந்துகொண்டு, தனக்கு வேண்டிய தாமதத்தைத் தானே விதித்துக்கொள்கிறது. வானூர்தி இயலில் நான் கற்ற யுக்திகளுள் இதைவிட மேலானதென்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே.

இறக்கை வடிவக் காப்புக் குடைகள் 1970களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்ததற்கு இத்துணியே முக்கியக் காரணம். அவை பெரும்பாலும் ஏழே அறைகள் கொண்டவை. இறங்கும் லாவகத்தைவிட ஒழுங்காக விரியும் குணத்தை மதித்து வகுக்கப்பட்டவை. துணியும் விளையாட்டுக் குடைகளின் காற்றுப் புகாத வழவழப்பான துணியன்று. மிகச் சிறிதளவு காற்றைக் கசியவிடும் துணி. அது சிறிய பொதியாக அடங்கும்; மடிப்பவர் கையில் வழுக்கி ஓடாது. ஆயிரம் முறை பறக்கும் குடைக்கு அத்துணி சீக்கிரம் தேய்ந்துவிடும். காப்புக் குடையோ அத்தனை முறை பறக்கப்போவதில்லை.

கழன்ற குடையின் கடைசி உதவி

மெதுவான ஆபத்தில் இன்னொரு குறை உண்டு. காற்று மெலிந்திருப்பதனால் முன்னோடிக் குடையின் இழுப்பும் மெலிந்தே இருக்கிறது. விடுபை வெளிவருவதற்கே பொன்னான நேரம் போகிறது. அதே கணத்தில் கழற்றிவிடப்பட்ட முதற்குடை, எவ்வளவு பழுதாயிருந்தாலும், ஆளைவிட்டு மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது முன்னோடியைவிடப் பலமடங்கு பெரியது. அதன் இழுப்பைப் பயன்படுத்தினால் என்ன?

பில் பூத்தின் ஸ்கைஹுக் என்னும் அமைப்பு இதைத்தான் செய்கிறது. கழன்று போகும் முதற்குடையிலிருந்து ஒரு நாடா, காப்புக் குடையின் ஊசியை உருவுவதோடு நில்லாமல், இழுநாடாவில் உள்ள ஒரு கொக்கியில் மாட்டியிருக்கிறது. முதற்குடையின் இழுப்பு முந்தினால் கொக்கி பிடித்துக்கொள்ளும். விடுபையை முதற்குடையே உருவி எடுக்கும். முதற்குடை வெளியே வரவேயில்லை என்றால், முன்னோடியின் இழுப்பு மறுதிசையிலிருந்து வரும். நாடா கொக்கியிலிருந்து நழுவி விலகிவிடும். எல்லாம் பழைய முறைப்படி நடைபெறும். எது பலமாக இழுக்கிறதோ அதுவே வேலையைச் செய்யட்டும் என்று கொக்கியின் வளைவிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

கருவி முடிவு செய்யும் இடம்

காற்றின் தீர்ப்பு மட்டும் போதாத இடங்களும் உண்டு. நினைவிழந்தவர் கைப்பிடியை இழுக்க மாட்டார். அவருக்காக, ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் அமைத்து 1991இல் வெளிவந்த சைப்ரஸ் என்னும் கருவி, காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் இடையறாது அளக்கிறது. தரைக்கு ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் ஒருவர் இன்னும் விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், சிறு வெடிமருந்தால் இயங்கும் கத்தி, காப்புப் பையை மூடியிருக்கும் கயிற்று வளையத்தை அறுத்துவிடும். எப்போது திறப்பது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. எப்படி விரிவது என்பது முன்போலவே சறுக்குத் துணியின் பொறுப்பு.

போர் விமானத்திலிருந்து இருக்கையோடு எறியப்படும் விமானிக்கு அந்தப் பொறுப்பும் கருவியிடமே போகிறது. அவருடைய வேகம், ஓடுபாதையில் நிற்கும் விமானத்தின் பூஜ்யத்திலிருந்து மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வரை எதுவாகவும் இருக்கலாம். அவ்வளவு பரந்த எல்லையை எந்தத் துணியும் தானே சமாளித்துவிடாது. எஃப்-15, எஃப்-16 விமானங்களில் உள்ள ஏஸஸ்-2 இருக்கை, தன் குழல்களால் காற்றின் மோதலை அளந்து, மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. 250 நாட்டுக்கு, அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில், தாழ்ந்த உயரத்தில், பெருங்குடையை உடனே விரித்துவிடுகிறது. வேகம் அதற்கு மேற்பட்டால் சிறு தடைக்குடையை முதலில் விட்டு, வேகம் தணிந்தபின் பெருங்குடையை விடுகிறது. 15,000 அடிக்கு மேலே என்றால், விமானி சுவாசிக்கத்தக்க காற்றுள்ள உயரத்துக்கு இறங்கும் வரை காத்திருக்கிறது. பொழுதுபோக்காகக் குதிப்பவருக்குத் துணி ஒன்றினாலேயே தீர்ந்த பிரச்சினைக்கு இங்கே உணர்கருவியும் மின்சுற்றும் ராக்கெட்டும் தேவைப்படுகின்றன.

பரீட்சையும் எழுதிவைத்த எல்லையும்

இவ்வளவு யோசித்து அமைத்த குடையை நம்பிவிட முடியுமா என்பதைப் பரீட்சையே சொல்ல வேண்டும். அமெரிக்க விதிகளின்படி, காப்புக் குடையை அதன் உச்ச எல்லையைவிட எடையில் 1.2 மடங்கும் வேகத்தில் 1.2 மடங்கும் மிகுத்து விழச்செய்து சோதிக்கிறார்கள். எடை 1.2 மடங்கு, வேகத்தின் இருபடியோ 1.44 மடங்கு, இரண்டையும் பெருக்கினால், குடை அடக்க வேண்டிய சக்தி 1.73 மடங்கு ஆகிறது. 115 கிலோவும் 150 நாட்டும் எல்லையாகக் கொண்ட குடை என்றால், 138 கிலோ எடையோடு மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விரிந்தும் பழுதின்றி இருந்தாக வேண்டும்.

மறுகோடியின் பரீட்சையும் அதற்குச் சமமான கண்டிப்புடையது. ஒழுங்காக விரிந்து மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு முதற்குடையைக் கழற்றிவிட்டு, இரண்டு விநாடிக்குள் காப்புக் குடையைத் திறந்து பார்க்கிறார்கள். தொங்கு கயிறுகளில் வேண்டுமென்றே மூன்று முழு முறுக்குகளை இட்டு மடித்தும் பார்க்கிறார்கள். சாதாரணமாக, பை திறந்த கணத்திலிருந்து மூன்று விநாடிக்குள் குடை பயன்படும் நிலைக்கு விரிந்துவிட வேண்டும்.

இப்பரீட்சைகளில் தேறிய எடையும் வேகமும் குடைத் துணியிலேயே அச்சிடப்படுகின்றன. அவற்றைப் படித்துப் பார்த்து நடக்க வேண்டியது குதிப்பவரின் கடமை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிறிய பை அழகாக இருக்கிறதென்று தம் எடைக்குப் பொருந்தாத சிறு காப்புக் குடையைத் தேர்ந்துகொள்பவருக்கும், தலைகீழாக விழுந்து அச்சிட்ட வேக எல்லையை மீறிப் போகிறவருக்கும், மேலே கண்ட யுக்திகள் எதுவும் பொறுப்பேற்கவில்லை.

ஒருமுறைகூடப் பயன்படாவிட்டாலும், அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை காப்புக் குடையைப் பிரித்து, காற்றாட விட்டு, சோதித்து, மறுபடி மடிக்க வேண்டும். இதற்கென உரிமம் பெற்ற ரிக்கர் என்பவரே இதைச் செய்யலாம். மடித்து முடித்ததும் சிவப்பு நூலும் ஈய முத்திரையும் இட்டுத் தம் பெயரைப் பதிவு செய்கிறார். முத்திரையிடுமுன் தம் கருவிகளை எண்ணிப் பார்த்துக்கொள்வார். ஏதேனும் ஒன்று குறைந்தால் அது குடைக்குள் இருக்கலாம். துணி விடுபைக்குள் போகுமுன் அவர் பார்த்தாக வேண்டியவற்றுள் ஒன்று, சறுக்குத் துணியின் நான்கு வளையங்களும் மேலே ஏறி, குடையின் ஓரத்தில் உள்ள தடுப்புகளைத் தொட்டு நிற்கின்றனவா என்பது. ஒரு வளையம் சிறிது இறங்கியிருந்தாலும் மடிப்பைக் கலைத்து முதலிலிருந்து தொடங்குவார்; ஏனென்றால், வளையம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் காற்று தன் கணக்கைத் தொடங்கும்.